குளத்தைச் சுற்றி வந்த ஆறு பேர்

ஹான்ஹிலம்பிக் குடிலின் கதவுக்கு அறுபத்தோர் ஆண்டுகளாகப் பூட்டு என்ற ஒன்று இருந்ததில்லை. செப்டம்பர் பதினான்காம் நாள், பகல் ஒரு மணி அளவில், ஹெல்சிங்கியிலிருந்து வந்த பெர்ட்டு என்பவன் அந்தக் கதவின் முன் மண்டியிட்டு, நான்கு திருகாணிகளால் அந்தக் குறையை நீக்கிவைத்தான்.

விறகுக் கொட்டகையின் வாசலில் கோடாலியும் கையுமாக நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள் தைமி. அறுபத்து மூன்று வயது. பள்ளிக்கூடச் சமையலறையில் முப்பது ஆண்டுகள் பட்டாணி சூப்புக் கிண்டி ஓய்வு பெற்றவள். பேருந்துச் சாலையிலிருந்து இரண்டு நாள் நடை தொலைவில் இருக்கும் இந்த வடகோடித் தேசியப் பூங்காவின் குடிலுக்கு, பத்தொன்பது இலையுதிர்காலங்களாக, யாரும் அழைக்காமலே ஒரு வாரம் வந்து தங்குவாள். விறகு பிளப்பாள். கழிவறைக் குழியைச் சுத்தம் செய்வாள். கூரையில் கிழிந்த தார்த்தாளை ஒட்டுவாள்.

அதற்கான காரணம் அவளுடைய இடது கணுக்காலில் இருந்தது. இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, ஓர் அக்டோபர் மாலை, மலைச் சரிவில் அந்தக் கணுக்கால் முறிந்தது. இரண்டு கிலோமீட்டர் தவழ்ந்து வந்தாள். கடைசியில் கையை உயர்த்தத் தெம்பில்லாமல் நெற்றியால் கதவை மோதினாள். உள்ளே ஆளில்லை. ஆனாலும் கதவு திறந்தது; ஏனென்றால் அதில் ஒரு மரத்தாழ்ப்பாளைத் தவிர வேறொன்றும் இல்லை. அன்று அங்கே ஒரு பூட்டு இருந்திருந்தால், தைமி இன்று தேவாலயக் கல்லறைத் தோட்டத்தில் ஒரு கல்லாக நின்றிருப்பாள். ஆகவே உலகத்தில் எந்தக் கதவு எப்படிப் போனாலும் இந்தக் கதவு திறந்திருக்க வேண்டும் என்பது அவளுக்கு ஆசையோ கொள்கையோ அன்று. கணக்குத் தீராத உயிர்க்கடமை.

அந்தக் கதவைத்தான் பெர்ட்டு துளைத்துக்கொண்டிருந்தான்.

சுற்றுலாவுக்கு யோசனை விற்கும் ஒரு நிறுவனத்தில் ‘அனுபவ வளர்ச்சி’ப் பொறுப்பாளன் அவன். அவன் உருவாக்கிய சரக்குக்குப் பெயர் ‘தன்வழி வனத் தங்கல்’. வழிகாட்டி கிடையாது, பணியாள் கிடையாது. காட்டுக்குள் போய், தன்னைத் தானே நடத்திக்கொண்டு, புது மனிதனாகத் திரும்பலாம். அதற்காக, யார் வந்தாலும் தங்கலாம் என்றிருந்த இந்தக் குடிலை, முன்பதிவு செய்தவர்களுக்கு மட்டும் என்று மாற்றலாமா என்பதைப் பூங்கா அலுவலகத்துக்கு அவன் திங்கட்கிழமை அறிக்கையாகத் தர வேண்டும். சோதித்துப் பார்க்கச் சக ஊழியர்கள் ஐந்து பேரை அழைத்து வந்திருந்தான்.

வழிகாட்டியே வேண்டாம் என்று புறப்பட்ட அந்த ஆறு வீரர்களின் கழுத்திலும் நெகிழித்தாளில் பொதிந்த ஓர் அட்டை தொங்கியது. எத்தனை மணிக்கு நடப்பது, எத்தனை மணிக்கு உண்பது, எத்தனை மணிக்கு வியப்பது என்பதெல்லாம் அதில் அச்சாகியிருந்தன. மூன்றரை முதல் நாலரை வரையிலும், மறுபடி ஆறு முதல் ஏழு வரையிலும் ‘மௌன நேரம்’. கண்ணை மூடி அமர வேண்டும். எந்த ஒலி எழுந்தாலும் அசையக் கூடாது. அது இயற்கை பேசும் ஒலி.

குடிலுக்குள் ஒரே பலகை மேடை; ஆறு பேர் படுக்கலாம். முந்தின நாள் இரவு அதில் தைமி தனியாகப் படுத்திருந்தாள். நண்பகலில் இந்த ஆறு பேர் வந்து நின்றதும், தன் தூங்கும் பையைச் சுருட்டிக்கொண்டு வெளியேறி, கொட்டகையின் ஓரத்தில் கூடாரம் அடித்தாள். இந்த நாட்டின் காடுகளில் அதுதான் முறை. கடைசியாக வந்தவருக்கே முதல் இடம். ஓய்வெடுத்தவர் எழுந்து போக வேண்டும். களைத்து வந்தவர் படுக்க வேண்டும். ஊரில், மருந்துக் கடையிலும் வங்கியிலும் எண்சீட்டுக் கிழித்துக்கொண்டு, முன்னால் வந்தவனே முதல்வன் என்று வாழ்கிற இதே மக்கள்தான் காட்டுக்குள் வந்ததும் வரிசையைத் தலைகீழாக நிறுத்துகிறார்கள். வெட்கப்படத்தக்க பல வழக்கங்களுக்கிடையே மனித குலம் கண்டுபிடித்த மானமுள்ள வழக்கம் அது.

பெர்ட்டு அதை எப்படிப் புரிந்துகொண்டான் என்பதை அவன் வாயே சொன்னது.

“ரொம்ப நன்றிம்மா. அடுப்பெல்லாம் பத்த வச்சு, இடத்தைத் தயார் பண்ணிக் கொடுத்திருக்கீங்க. இங்க வேலை பார்க்கிறவங்களா?”

“இல்ல. நேத்து இங்க படுத்தவ.”

“ஓ. அப்ப முன்பதிவு பண்ணாம வந்திருக்கீங்க.”

தைமி கோடாலியை எடுத்தாள். விறகு பிளக்கப் போனாள். அன்று அவள் பிளந்த கட்டைகள் வழக்கத்தைவிடச் சிறியனவாக இருந்தன.

பூட்டு பொருந்தியது. கறுப்புக் கண்ணாடியில் பத்து எண்கள். கதவைச் சாத்தினால் தானே பூட்டிக்கொள்ளும். நான்கு எண்களைத் தொட்டால் திறக்கும்.

“அந்த நாலு நம்பர் என்ன?” என்று கேட்டாள் தைமி.

“பதிவு பண்றவங்க போனுக்கு வரும்மா.”

“இங்க போன் சிக்னல் கிடைக்காதே.”

“வீட்டிலேருந்து கிளம்பும்போதே வந்துடும்.”

“மலையில கால் உடைஞ்சவன்?”

பெர்ட்டு புன்னகைத்தான். அறியாமையைக் கண்டு பொறுமை காக்கும் புன்னகை. “தன்வழித் தங்கல்னா தன் பொறுப்புன்னு அர்த்தம். திட்டம் போடாம வர்றவங்களுக்காக, திட்டம் போட்டு வர்றவங்க கஷ்டப்படக் கூடாது இல்லையா?”

“நல்லாச் சொன்னே. உன்னை மாதிரி நாலு பேர் முன்னாடியே இருந்திருந்தா, இந்த நாட்டில நெருப்புக்கே முன்பதிவு வச்சிருப்பாங்க.”

மூன்று மணிக்குக் காற்று வடக்கே திரும்பியது. மூன்றரைக்குப் பனிமழை தொடங்கியது. அட்டையின் ஆணைப்படி ஆறு பேரும் மேடையில் வரிசையாக அமர்ந்து கண்ணை மூடி இயற்கையின் குரலுக்குக் காது கொடுத்தார்கள்.

நாலு மணி கழிந்து சிறிது நேரத்தில் இயற்கை கதவைத் தட்டியது.

கூடாரத்தில் இருந்த தைமிக்கு அது கேட்டது. இரண்டு தட்டல். இடைவெளி. மூன்று தட்டல். பிறகு ஒரு பெண் குரல்: “உள்ள யாராவது இருக்கீங்களா?” புகைபோக்கியில் புகை வருகிறது, உள்ளே ஆறு ஜோடிக் காதுகள் இருக்கின்றன, கதவு திறக்கவில்லை. தைமி ஓடி வந்தபோது வாசலில் இரண்டு பேர் நின்றார்கள். ரெய்னோ என்ற அறுபது வயதுத் தபால்காரர், அவர் மனைவி ஹெல்வி. ஆற்றைக் கடக்கையில் ரெய்னோ கழுத்தளவு நீரில் விழுந்து எழுந்திருந்தார். உதடு நீலம். நடுங்கிக்கொண்டிருந்த உடல், நடுங்குவதையும் நிறுத்தத் தொடங்கியிருந்தது. அதுதான் கெட்ட அறிகுறி.

“அக்கா, கதவு திறக்க மாட்டேங்குது,” என்றாள் ஹெல்வி. “தாழு மாட்டிக்கிச்சா?”

“தாழு இல்ல, நாகரிகம் மாட்டிக்கிச்சு,” என்ற தைமி, கோடாலியின் பின்புறத்தால் கதவை நான்கு முறை இடித்தாள்.

கதவு திறந்தது. பெர்ட்டு நின்றான், முகத்தில், தியானம் கலைந்த முனிவரின் சினம். “மௌன நேரம் இன்னும் இருபத்தஞ்சு நிமிஷம்...”

அவனைத் தோளால் தள்ளிக்கொண்டு மூவரும் உள்ளே போனார்கள். ஈரத் துணிகளை உரித்து, தன் கம்பளிச் சட்டையை ரெய்னோவுக்கு மாட்டி, அடுப்பருகே அமர்த்தி, சூடான சர்க்கரைத் தண்ணீரை அவர் பல்லிடுக்கில் ஊற்றிய பின்புதான் தைமி திரும்பிப் பேசினாள்.

“ஆறு இடம். இப்ப எட்டுப் பேர். இவங்க ரெண்டு பேரும் படுக்கணும். உங்கள்ல ரெண்டு பேர் வெளிய போய்க் கூடாரம் அடிங்க. கொண்டு வந்திருக்கீங்கல்ல, விலைச் சீட்டு பிரிக்காத கூடாரம்?”

“ஒரு நிமிஷம்,” என்றான் வேஸா. அவன் அந்த நிறுவனத்தின் சட்ட ஆலோசகன். “இது வழக்கமா, விதியா?”

தைமி சுவரைக் காட்டினாள். பூங்காவின் முத்திரையோடு ஆணியடித்த தகரப் பலகை. வேஸா மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, நான்காவது வரியை இருமுறை படித்தான். கடைசியாக வந்தவருக்கே தங்கும் முதல் உரிமை. கொஞ்சம் முன்பு, தட்டிய மனிதனுக்கு எழாத ஆறு பேரும், தகரத்தில் அச்சடித்த வரிக்கு எழுந்து நின்றார்கள். நம் மக்களுக்குக் கண்ணீரைக் காட்டிப் பயனில்லை. பலகையைக் காட்ட வேண்டும்.

“விதிதான்,” என்று தீர்ப்புச் சொன்னான் வேஸா. பிறகு அவன் முகம் மெல்ல மலர்ந்தது. கதவருகே ஆணியில் தொங்கிய குடில் ஏட்டை எடுத்துப் புரட்டினான். நாள், நேரம், பெயர், எங்கிருந்து, எங்கே, குறிப்பு என்று கட்டம் போட்ட ஏடு. குடிலுக்கு வருகிறவர் எவரும் அதில் எழுதாமல் படுப்பதில்லை. “அப்ப ‘வந்தவர்’னா யாரு? இதில நேரம் போட்டு எழுதினவர். சரி. இப்ப நானும் இன்னொருத்தரும் வெளிய போறோம். முன்னாடி இருக்கிற குளத்தைச் சுத்திட்டு, அரை மணி நேரம் கழிச்சுத் திரும்பி வந்து எழுதறோம். அப்ப கடைசியா வந்தவங்க யாரு?”

ஹெல்வி வாய் பிளந்தாள். பெர்ட்டு வாய்விட்டுச் சிரித்தான்.

“அதுக்கப்புறம்,” வேஸா விரல் மடக்கினான், “நம்மள்ல இங்கேயே இருக்கிற நாலு பேர்ல ரெண்டு பேர் எழுந்து போகணும். அவங்களும் சுத்திட்டு வருவாங்க. அப்புறம் மிச்ச ரெண்டு பேர். மூணாவது சுத்து முடிஞ்சதும்...” மேடையின் ஓரத்தில் கம்பளிக்குள் சுருண்டிருந்த ரெய்னோவை அவன் பார்த்தான், பார்வையைத் திருப்பிக்கொண்டான். “மூணாவது சுத்து முடிஞ்சதும், ரொம்ப நேரம் ஓய்வெடுத்தவங்க அவங்கதான். விதி எல்லாருக்கும் ஒண்ணுதானே.”

“படிச்சவன் படிச்சவன்தான்யா,” என்றாள் தைமி. “கூடாரம் அடிக்கப் பத்து நிமிஷம். அதை மிச்சம் பிடிக்க ஆறு பேரு பனிமழையில ரெண்டு மணி நேரம் நடக்கப் போறீங்க. போங்க, போங்க. வழிகாட்டி வேண்டாம்னுதானே வந்தீங்க.”

போனார்கள். அறிவு இருந்தால் போயிருக்க மாட்டார்கள். அறிவு அதிகமாக இருந்ததால் போனார்கள். முதல் சுற்றில் வேஸாவும் ஒருவனும். சரியாக ஐந்து மணிக்குக் கதவுக்கு வெளியே எண்களைத் தொடும் ‘பிப்’ ஒலி கேட்டது; உள்ளே வந்து, மூக்கிலிருந்து நீர் சொட்டச் சொட்ட, ஏட்டில் எழுதினார்கள்: எங்கிருந்து, குளக்கரை, எங்கே, குடில். இரண்டாம் சுற்றில் வேறு இருவர். நாற்பது நிமிடத்தில் திரும்பினார்கள். ஒருவனுக்கு முட்டி வரை சேறு. மேடையில் ஏறி, போரில் வென்ற படைபோல ஒருவர் முதுகை ஒருவர் தட்டிக்கொண்டார்கள். அவர்கள் எழுதிய நான்கு வரிகளும் ஏட்டில் ஈரமாக மின்னின. அந்த ஏட்டின் கடைசிப் பக்கம் அது. அதற்குக் கீழே ஏழெட்டு வரிகளே மிச்சம்.

தைமி உலர்ந்த மான் இறைச்சியைக் கிழித்துப் போட்டு சூப்பு வைத்தாள். உள்ளே உட்காரவும் சமைக்கவும் எந்த விதியும் தடையில்லை, படுக்கத்தான் கணக்கு. ரெய்னோவின் கன்னத்தில் நிறம் திரும்பியிருந்தது. ஆனால் காய்ச்சல் ஏறிக்கொண்டிருந்தது. இந்த மனிதரை இன்னும் ஒரு மணி நேரத்தில் வெளியே அனுப்பினால் விடியலில் என்ன மிஞ்சும் என்பது தைமிக்குத் தெரியும். மூன்றாம் சுற்று முடியட்டும் என்று அவள் காத்திருந்தாள். அப்போது கோடாலியைத் தூக்குவதா, தன் உடம்பைக் கதவுக்குக் குறுக்கே போடுவதா என்று மட்டும் முடிவு செய்யவில்லை.

மூன்றாம் சுற்றை, முடிவான சுற்றை, பெர்ட்டு தனக்கென்று வைத்துக்கொண்டிருந்தான். தலைவன் அல்லவா. அவனோடு போக வேண்டியவள் ஊல்லா என்ற படம் எடுப்பவள். காலை முதல் அவள் பேசி யாரும் கேட்டதில்லை. ஐந்து நாற்பதுக்கு இருவரும் புறப்பட்டார்கள்.

பதினைந்தே நிமிடத்தில் கதவுக்கு வெளியே பிப்பொலி கேட்டது. நின்றது. மறுபடி கேட்டது. மூன்றாவது முறை கதவு திறந்து ஊல்லா வந்தாள், தனியாக.

“பூட்டு மேல ஐஸ் படியுது,” என்றாள். “தொட்டா உணரவே மாட்டேங்குது.”

“சுத்தி முடிச்சாச்சா?” என்றான் வேஸா. “பெர்ட்டு எங்க?”

“அவரு போய்க்கிட்டு இருக்காரு. நான் பாதியில திரும்பிட்டேன்.” அவள் ரெய்னோவைப் பார்த்தாள். “நான் இந்த ஏட்டில எழுத மாட்டேன். எழுதலைன்னா வரலைன்னு நீதானே சொன்னே? நான் வரலை. வெச்சுக்க.”

“அப்ப வெளியதான் படுக்கணும்.”

“தெரியும். கூடாரப் பையைத் தூக்கிக் கொடு.”

தைமி சூப்புப் பானையிலிருந்து தலை தூக்கி அவளை முதல் முறையாக முழுதாகப் பார்த்தாள். “கொட்டகைக்குப் பின்பக்கம் அடி. அங்க காத்து கம்மி. முளைக்குச்சிய மண்ணில நேரா அடிக்காதே, சாய்ச்சு அடி.” ஒரு கிண்ணம் சூப்பை அவள் கையில் கொடுத்து அனுப்பினாள்.

மணி ஆறு. கழுத்தட்டைகள் ஆணையிட்டன. வேஸாவும் மற்ற மூவரும் மேடையில் முதுகை நிமிர்த்தி அமர்ந்து கண்ணை மூடினார்கள். தலைவன் இல்லாவிட்டால் என்ன, தாள் இருக்கிறது. ரெய்னோவும் ஹெல்வியும் உறங்கினார்கள். அடுப்பு மட்டும் முணுமுணுத்தது.

ஆறே காலுக்கு வந்திருக்க வேண்டிய பெர்ட்டு வரவில்லை. ஆறரைக்கும் வரவில்லை.

ஆறு நாற்பதுக்குத் தட்டல் கேட்டது.

தைமிக்கு உடனே புரிந்தது. பிப்பொலி வரவில்லை. பனி மூடிய கண்ணாடி, மரத்துப்போன விரல். பூட்டு தன்னை மாட்டியவனை அடையாளம் தெரியாது என்று கைவிரித்துவிட்டது. தட்டல் மறுபடி கேட்டது. மேடையில் அமர்ந்த நால்வரில் ஒருவனின் இமை துடித்தது, அவ்வளவுதான். எந்த ஒலி எழுந்தாலும் அசையக் கூடாது. கற்பித்தவன் வெளியே, கற்றவர்கள் உள்ளே.

தைமி எழவில்லை. கையில் சூப்புக் கரண்டி. நிற்கட்டும், என்று நினைத்தாள். தட்டட்டும். திட்டம் போடாமல் வந்தவன் எப்படித் தட்டுவான் என்று அவன் கை அவனுக்குச் சொல்லிக்கொடுக்கட்டும். ஐந்து தட்டல் எண்ணினாள். ஆறு. ஏழாவது முன்னதைவிட மெலிந்திருந்தது. எட்டாவது கையின் ஒலி போல இல்லை. எலும்பு மரத்தில் மோதும் மந்தமான ஒலி. அந்த ஒலியை அவள் அறிவாள். இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன்பு அதை அவளே தன் நெற்றியால் எழுப்பியிருக்கிறாள். கரண்டி அவள் கையிலிருந்து நழுவியது.

அவள் எழுவதற்கு முன்பே ரெய்னோ எழுந்திருந்தார். காய்ச்சல் கண்ணோடு, பெண்பிள்ளைக் கம்பளிச் சட்டையோடு, தள்ளாடிக் கீழே இறங்கினார்.

“யாரோ தட்டுறாங்களே,” என்றார். வரிசையாகக் கண் மூடியிருந்தவர்களைப் பார்த்து, “ஏன் எல்லாரும் செத்த வீட்டில உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்திருக்கீங்க?” என்றபடி போய்க் கதவைத் திறந்தார்.

பெர்ட்டு உள்ளே விழுந்தான். குளத்தில் ஓடை கலக்கும் இடத்தில் சேற்றுக்குள் இடுப்பளவு இறங்கி, வழி தவறி, வேறொரு கரையைச் சுற்றிவிட்டு வந்திருந்தான். தாடை கட்டிப் பேச்சு வரவில்லை. மதியம் ‘தன் பொறுப்பு’ என்று உச்சரித்த வாய் அது.

ரெய்னோ அவன் காலணியைக் கழற்றினார். நாற்பது ஆண்டு தபால் பையோடு வீடு வீடாகப் போனவருக்கு, இவன் யார், தன்னை வெளியேற்ற நடந்தவன் என்ற செய்தி மட்டும் இன்னும் போய்ச் சேரவில்லை; அந்தத் திட்டம் பேசப்பட்டபோது அவர் பாதி மயக்கத்தில் இருந்தார். “தம்பி, மேல ஏறிப் படு,” என்றார். “என் இடம் சூடா இருக்கு. கடைசியா வந்தவன் நீ. நான் நகர்ந்துக்கிறேன்.”

விழித்துக்கொண்ட ஹெல்வி கணவனைப் பார்த்தாள், பெர்ட்டுவைப் பார்த்தாள், நகர்ந்து இடம் விட்டாள். குடிலுக்குள் அப்போது விழுந்த அமைதி எந்த அட்டையிலும் அச்சாகவில்லை.

வேஸாவுக்குத்தான் அது பொறுக்கவில்லை. “அப்ப பெர்ட்டு இப்ப ஆறு நாற்பத்தி மூணுக்கு வந்ததா எடுத்துக்கிட்டா, சட்டப்படி...”

“வக்கீலே,” என்றாள் தைமி, “உனக்கு இன்னும் ஒரு சுத்து பாக்கி இருக்குன்னு நினைக்கிறேன். இந்தத் தடவை திரும்பி வராதே. கூடாரத்தைத் தூக்கிட்டுப் போ.”

அவன் போனான். அவனோடு இன்னொருவனும் போனான். ஊல்லாவின் பக்கத்தில், அவள் சொல்லச் சொல்ல, முளைக்குச்சிகளைச் சாய்த்து அடித்தார்கள்.

பெர்ட்டுவின் உடம்பு சூடாகி, கையில் பேனா நிற்கும் அளவு ஆனதும், தைமி ஏட்டைக் கொண்டுபோய் அவன் மடியில் வைத்தாள்.

“வந்தா எழுதணும்.”

அவன் நேரம் எழுதினான். பெயர் எழுதினான். எங்கிருந்து என்ற கட்டத்தில் நெடுநேரம் பேனாவை நிறுத்திவிட்டு, ‘குளம்’ என்று எழுதினான். குறிப்பு என்ற கட்டத்தை விட்டுவிட்டான். தைமி ஏட்டை வாங்கி அந்தக் கட்டத்தை நிரப்பினாள். பள்ளிச் சமையலறையில் பண்டக இருப்பு எழுதிப் பழகிய உருண்டைக் கையெழுத்து: ‘கதவு பூட்டியிருந்தது. வெளியே நின்றவர், பூட்டை மாட்டியவர். திறந்தவர், இன்று மாலை அதே கதவுக்கு வெளியே நின்ற ரெய்னோ.’

சிறிது யோசித்தாள். பிறகு அதன் கீழே இன்னொரு வரி எழுதினாள்: ‘தட்டிய ஒலி எனக்குக் கேட்டது. எட்டுத் தட்டல் வரை எழவில்லை. தைமி.’

காலையில் காப்பி குடிக்க வந்த வேஸாவிடம் ஏட்டை நீட்டினாள். “இதில பொய் இருக்கா பாரு.”

அவன் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இரண்டு முறை படித்தான். மேலே, நேற்று மாலை எழுதிய நான்கு வரிகளையும் படித்தான். குளக்கரை, குளக்கரை, குளக்கரை, குளக்கரை. காது நுனி சிவந்தது. “உண்மைகள் சரியா இருக்கு,” என்றான்.

“அப்ப சாட்சிக் கையெழுத்துப் போடு.”

போட்டான். உண்மையின் கீழே கையெழுத்துக் கேட்டால் மறுக்கத் தெரியாத இனம் நம் மக்கள். அந்த ஒன்றுதான் இந்த இனத்துக்கு இன்னும் மிச்சமிருக்கும் நம்பிக்கை. ஊல்லா போட்டாள். மற்ற மூவரும் போட்டார்கள்.

பெர்ட்டு மட்டும் எல்லோரும் வெளியே போகும் வரை காத்திருந்தான்.

“அம்மா, அந்தப் பக்கத்தை எடுத்துடலாமே.”

“இந்த ஏட்டில பக்கம் கிழிக்கிற பழக்கம் இல்ல. தவிர, ஏடு முடிஞ்சு போச்சு. முடிஞ்ச ஏட்டைப் பூங்கா அலுவலகத்தில கொடுக்கணும். சனிக்கிழமை நானே கொண்டுபோறேன். உன் அறிக்கை திங்கட்கிழமைதானே?”

அவன் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். “நான் என்ன எழுதணும்னு எதிர்பார்க்கிறீங்க?”

“எழுதறது உன் வேலை. ஸ்க்ரூ டிரைவர் கொட்டகையில, ரம்பத்துக்குப் பக்கத்தில தொங்குது.”

அவன் மறுபடி அந்தக் கதவின் முன் மண்டியிட்டான். நேற்று போலவே, நான்கு திருகாணிகள். மூன்று எளிதாக வந்தன. நான்காவது ஈர மரத்தில் ஊறி இறுகியிருந்தது; அதற்காக அவன் கால் மணி நேரம் மூச்சு வாங்கினான். யாரும் உதவவில்லை. தன்வழித் தங்கலில் உதவிக்கு ஆள் கிடையாது என்பது அவனுடைய துண்டுப்பிரசுரத்திலேயே இருக்கிறது. தைமி பைன் கட்டையில் நான்கு முளைகள் சீவி, துளைகளில் வைத்துக் கோடாலியின் பின்புறத்தால் அடித்தாள். காய்ச்சல் தணிந்த ரெய்னோ மரத்தாழைத் தூக்கி விட்டுப் பார்த்தார். தூக்கினால் திறந்தது. விட்டால் விழுந்தது.

பெர்ட்டு பூட்டைக் கையில் வைத்துக்கொண்டு படியில் நின்றான். பையில் போட மனம் வரவில்லை போலும். குளத்தைப் பார்த்தான், கையை ஓங்கினான்.

“அங்க போடாதே,” என்றாள் தைமி. “அந்தத் தண்ணியைத்தான் நாங்க குடிக்கிறோம்.”